நல்லதே நடக்கும் என்று சொன்ன மெஷின்

1. முதல் நாள், முதல் வார்த்தை

எண்பதுகளின் நடுவில், போடியில் ஒரு ஏலக்காய் ஏலக்கடைக்கு அதன் முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்கியவன் நான். வயது இருபத்தாறு. மதுரையில் இரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிவிட்டு, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு தேனிக்கு வந்து ஒரு மாடியறையில் போர்டு மாட்டியிருந்தேன். போர்டைப் பார்த்து ஏறி வந்தவர்களில் பாதிப்பேர் கையில் ரேடியோவோடு வந்தார்கள். ரிப்பேர் தெரியாது என்றால், "அப்ப என்னதான் தெரியும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். அதனால் போடியிலிருந்து ஆள் வந்தபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நல்ல நேரம் பார்த்து, மானிட்டருக்கு மாலை போட்டு, இரண்டு ஃப்ளாப்பி டிரைவுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். டிரைவ் கதவில் வைக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றி முப்பது பேர் நின்றிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டு, வருகிற மூட்டைகளை லாட் லாட்டாக, அதாவது எண் போட்ட தொகுதிகளாக, பதியும் புரோகிராமை ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் முதல் வரி வந்தது: ஃபைல் நாட் ஃபவுண்ட்.

அதில் தப்பே கிடையாது. கடைக்கு இன்னும் ஒரு மூட்டையும் வந்து பதியவில்லை, அதனால் ஃபைலும் உண்டாகவில்லை. ஆனால் அண்ணாச்சி கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"தம்பி, நாட்டுன்னா இல்லைங்கறதுதான?"

"ஆமா அண்ணாச்சி. ஃபைல் இன்னும் இல்லை, அதனால..."

"இல்லங்காத. கடையில நின்னுக்கிட்டு இல்லங்காத."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் "இல்லை" என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள், அதுவும் காலை நேரத்தில். கேட்ட சரக்கு தீர்ந்திருந்தால் "நாளைக்கு வரும்" என்பார்கள். அரிசிப் பானை காலியானால் "நிறைஞ்சிருக்கு" என்பார்கள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள்.

கணக்குப்பிள்ளை வேலுச்சாமிக்கு ஆரம்பம் முதலே கம்ப்யூட்டர் பிடிக்கவில்லை. அவர் முகத்தில் அன்று அப்படி ஒரு சந்தோஷம். "இத்தனை வருஷமா இங்கன ஒருத்தரும் சொல்லாத வார்த்தைய, வந்த அன்னைக்கே சொல்லிருச்சு பாருங்க அண்ணாச்சி" என்றார்.

2. பதமாகப் பேசக் கற்றுக்கொடுத்தது

அந்த மெஷினோடு வந்த டிஸ்க் சாஃப்ட்வேர் எங்கள் வேலைக்குப் போதவில்லை. அதனால் ஃபைல் சிஸ்டத்தின் அடிமட்ட வேலையை நானே எழுதியிருந்தேன். ஃப்ளாப்பியில் எந்த பிளாக், அதாவது எந்த இடத்துண்டு, காலி, எந்த லாட் எந்த பிளாக்கில் இருக்கிறது என்று பார்த்து, படிப்பதும் எழுதுவதும் அதன் பொறுப்பு. எழுத முடியாமல் போனால் அந்தப் பகுதி, ரொட்டீன் என்போம், ஓர் எரர் நம்பரைத் திருப்பிக் கொடுக்கும். அந்த நம்பரை வார்த்தையாக்கித் திரையில் போட இன்னொரு சின்ன ரொட்டீன். அண்ணாச்சி கை வைத்தது அந்தச் சின்ன ரொட்டீனில்தான்.

மெசேஜ் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும், பதமாக இருக்க வேண்டும் என்றார். மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தேன். தேடிய லாட் ஃபைலில் கிடைக்காவிட்டால் "நாளைக்கு வரும்". டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் "நிறைஞ்சிருக்கு". எழுதும்போது தப்பானால் என்ன போடுவது என்று கேட்டேன். அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார்.

"நல்லதே நடக்கும்னு போடு."

போட்டேன். எரர் வந்தால் மெஷின் பீப் அடிக்கும். அது கிளம்பும்போது தும்மின மாதிரி இருக்கிறது என்றார். பீப்பை எடுத்தேன். எல்லா வரிக்கும் முன்னால் பிள்ளையார் சுழி வேண்டும் என்றார். கீபோர்டில் அது கிடையாது என்றேன். "அப்ப ரெண்டு போடு, அதுவும் சுழி மாதிரிதான இருக்கு, பிள்ளையார் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றார். அதையும் போட்டேன். என்னுடைய ஐந்தாம் நம்பர் எரர் அன்று முதல் இருபத்தைந்தாம் நம்பர் ஆனது.

ஏன் இவ்வளவுக்கும் தலையாட்டினேன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். பஜாரில் இன்னும் மூன்று கடைக்காரர்கள், அண்ணாச்சி கடையில் மெஷின் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசைதான் காரணம், வேறென்ன.

ஆனாலும் புரோகிராமர் புத்தி சும்மா இருக்குமா? உண்மையான மெசேஜை எல்லாம் பிரிண்டருக்குத் திருப்பிவிட்டேன். டிஸ்க்கில் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் ஒரு வரி அச்சாகும். வரிசை எண், ரொட்டீன் பேர், பிளாக் எண், லாட் எண், தோட்டக்காரர் எண், எத்தனை மூட்டை, கடைசியில் ஓகேயா ஃபெயிலா. எண்பது எழுத்துக்குள் அத்தனையும் பத்தி பத்தியாக, நேர்க்கோட்டில் நிற்கும். அந்த அழகைப் பார்த்து நானே இரண்டு தடவை தலையாட்டிக்கொண்டேன். வாரம் ஒரு முறை வந்து படித்தால் போதும் என்பது என் திட்டம். வேலுச்சாமிக்கு மட்டும் வயிறு எரிந்தது. "நாள் பூரா காயிதத்த மென்னு துப்புது" என்பார்.

3. எஸ்தர் கேட்ட இரண்டு கேள்வி

மெஷினில் உட்கார எஸ்தர் என்ற பெண்ணை வைத்தார்கள். போடிப் பெண். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அவள் அப்பா அதே பஜாரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஆம்பிளைகள் கூடுகிற ஏலக்கடைக்குப் பிள்ளையை அனுப்ப அவருக்கு அரை மனசுதான். அவள் மேல் ஒரு சொல் வந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இதை எஸ்தரே என்னிடம் சொன்னாள். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு சார் என்றும் சொன்னாள்.

வேலை இதுதான். மலையிலிருந்து மூட்டை வந்ததும், எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று ஒரு சீட்டு வரும். எஸ்தர் அதைப் பார்த்து மெஷினில் அடிப்பாள். மூட்டை மேல் லாட் எண் மட்டும்தான் இருக்கும். சரக்கு யாருடையது என்று வாங்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. லாட்டையும் தோட்டத்தையும் சேர்த்துச் சொல்ல ஃப்ளாப்பி ஒன்றுதான் சாட்சி.

"சார், மெஷின் தப்பா எழுதுனா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"பிரிண்டர்ல வரும். அத நான் வந்து பாத்துக்கிடுவேன். நீ கவலப்படாத."

"அடிச்சு முடிச்ச சீட்ட என்ன செய்ய?"

"கிழிச்சுப் போடு. ஃப்ளாப்பில ஏறுனதுக்கப்பறம் சீட்டு எதுக்கு?"

எனக்குத் தேனி பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன். அவள் கேட்ட இரண்டும் சரியான கேள்வி. நான் சொன்ன இரண்டும் திமிர்.

4. ஏலத்தன்று காலை

வாரம் ஒரு முறை வந்து காகிதத்தைப் படிப்பது திட்டமாகவே நின்றுவிட்டது. நாலாவது வாரம், ஏலத்தன்று காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனேன். உள்ளே ஹாலில் வாங்க வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்கு ஏலம். அறுபது லாட் சரக்கு கிடங்கில் அடுக்கியிருந்தது. மெஷின் முன்னால் அண்ணாச்சி சிலை மாதிரி நின்றார். திரையில் இப்படி இருந்தது:

லாட் 17: நாளைக்கு வரும்.
லாட் 18: நாளைக்கு வரும்.
லாட் 21: நாளைக்கு வரும்.

வரிசை போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் இருபத்து மூன்று லாட், யாருடையது என்று மெஷினுக்குத் தெரியவில்லை. யாருடையது என்று தெரியாத சரக்கை ஏலத்தில் விட முடியாது. நாளைக்கு வரும் என்றால் என்ன அர்த்தம் என்று அண்ணாச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. தோட்டக்காரர்களிடம் ரசீது இருக்கும். ஆனால் அவர்கள் மலை மேல் இருந்தார்கள். ஜீப் போய்த் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும்.

வேலுச்சாமி எஸ்தரைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பிள்ள அடிக்கவே இல்ல அண்ணாச்சி. சீட்ட மட்டும் கிழிச்சுப் போட்டிருக்கு. வேல செய்யுற மாதிரி டொக்கு டொக்குன்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"எல்லாத்தையும் அடிச்சேன் அண்ணாச்சி" என்றாள் எஸ்தர். "சிலதுக்கு ஒடனே நல்லதே நடக்கும்னு வந்துச்சு. மத்ததுக்கு வராது. அதுக்கு மட்டும், நல்லதே நடக்கும்னு வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பி அடிச்சேன். பத்துத் தடவ அடிச்சும் வராதத அப்படியே விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒழுங்காக எழுதி முடித்தால் என் புரோகிராம் ஒன்றும் சொல்லாது. பேசாமல் அடுத்த லாட்டுக்குப் போய்விடும். எரர் வந்தால் மட்டும்தான் நல்லதே நடக்கும். பாவம் இந்தப் பெண், சரியாக ஏறிய லாட்டை எல்லாம் சந்தேகப்பட்டு, எரர் வருகிறதா என்று திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். என் ரொட்டீன் எழுதுவதற்கு முன் பழையதை அழித்துவிடும். எரர் வந்ததும் பழையதும் போச்சு, புதியதும் போச்சு. அவ்வளவு உழைத்துத் தன் வேலையைத் தானே அழித்திருக்கிறாள், என் சொல்லை நம்பி.

"தாயி, திங்கக்கிழமையில இருந்து நீ வர வேணாம்" என்றார் அண்ணாச்சி. "ஒங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுறேன்."

எஸ்தர் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த மூன்று கடைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

5. பொட்டலம்

பிரிண்டருக்குப் பின்னால் காகிதம் மலைபோல் குவிந்திருக்க வேண்டும். தரை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

"அண்ணே, இங்கன கெடந்த பேப்பர் எங்க?"

"அதா?" என்றார் வேலுச்சாமி. "ஒரு பக்கம் வெள்ளையாத்தான கெடந்துச்சு. வீணாக்க மனசு வரல. மாதிரிப் பொட்டலம் மடிச்சுட்டேன்."

ஏலத்துக்கு முன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கை ஏலக்காயைப் பொட்டலம் கட்டி, வாங்குகிறவர்களுக்கு மாதிரி கொடுப்பது வழக்கம். தப்பைக் கண்டுபிடிக்க நான் அச்சடித்த டீபக் மெசேஜ் அத்தனையும் ஏலக்காயைச் சுற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தது. வேலுச்சாமி தாளைக் குறுக்கே கிழித்துத்தான் மடித்திருந்தார். வரிகள் முழுசாக இருந்தன. ஃபெயில் ஆன வரியிலும் லாட் எண்ணும் தோட்டக்காரர் எண்ணும் இருக்கும்.

ஹாலுக்குள் ஓடினேன். முன் வரிசையில் கூடலூர் ராவுத்தர் பொட்டலத்தைப் பிரித்து ஏலக்காயை மோந்துகொண்டிருந்தார்.

"பாய், அந்தப் பேப்பரக் குடுங்க."

"ஏலக்கா வாங்க வந்தேனா, கடலாசு விக்க வந்தேனா? காய எதுல வைக்கட்டும்?"

"துண்டுல வச்சுக்கோங்க. அவசரம்."

அவர் துண்டை விரித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் விரித்தார்கள். துண்டு கொண்டுவராதவர்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மூன்று லாட்டை ஒரே பையில் போட்டுக்கொண்டு, எது எந்த லாட் என்று என்னைக் கேட்டார். தேவதானப்பட்டியிலிருந்து வந்த ஒருவர், தோட்டக்காரர் ரகசியத்தை மெஷின் வெளியில் விட்டுவிட்டது என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார். நாலு வாரமாக அந்தக் காகிதம் அவர் கையில்தான் இருந்தது. அதில் இருந்தது வெறும் எண்தான். பேர் எல்லாம் அண்ணாச்சி பெட்டியில் ஒரு நோட்டில் பத்திரமாக இருந்தது.

கசங்கிய தாள்களை அள்ளிக்கொண்டு வந்தால், எஸ்தர் தரையில் உட்கார்ந்து வாங்கி வாங்கி வரிசை எண்படி அடுக்கினாள். வேலையை விட்டு நிறுத்திய பிள்ளை. போ என்று யாரும் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. எத்தனையோ பொட்டலம் கிடைக்கவில்லை. ஒன்றில் யாரோ வெற்றிலை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அவள் முக்கால்வாசி லாட்டை அஞ்சு தடவை, பத்துத் தடவை அடித்திருந்தாள். ஒரு தாள் தொலைந்தால் இன்னொரு தாளில் அதே லாட் இருந்தது. பத்து மணி ஏலம் காத்துக் கிடந்தது, பதினொன்றரை மணிக்கு இருபத்து மூன்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது.

கடைசித் தாளை வைத்துவிட்டு எஸ்தர் நிமிர்ந்தாள்.

"சார், ஒவ்வொரு லாட்டுக்கும் கடைசி வரியில ஃபெயில்னு போட்டிருக்கே. அந்நேரம் திரையில நல்லதே நடக்கும்னுதான வந்துச்சு?"

இதற்கு மேல் திரும்பிக்கொள்ள ஒரு பக்கமும் கிடையாது. சொன்னேன். எரர் வந்தால்தான் அந்த மெசேஜ் வரும், நான்தான் அப்படி எழுதினேன், இந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை, சீட்டைக் கிழிக்கச் சொன்னதும் நான்தான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு, அண்ணாச்சி சொன்னதால்தான் அப்படிப் போட்டேன் என்று ஒரு வாலும் சேர்த்தேன்.

அண்ணாச்சிக்கு வந்தது கோபம். "இல்லங்காதன்னு சொன்னேன். பொய் சொல்லவா சொன்னேன்? நாளைக்கு வரும்னு நான் சொன்னா, சரக்கு தீந்துருச்சுன்னு வாங்க வந்தவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அதனால அந்த வார்த்த ஓடுது. இந்தப் பிள்ளைக்கு யாருலே சொன்னா?"

தம்பி என்று கூப்பிடுகிறவர் அன்று லே போட்டார். எனக்கு அது வேண்டும்தான்.

பிறகு டிரைவைக் கழற்றிப் பார்த்தேன். எழுதுகிற ஹெட்டில் கறுப்பாக ஒரு படலம். வெள்ளிக்கிழமை தோறும் மெஷின் மூக்கில் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். அண்ணாச்சியே பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கிவரச் சொன்னார். சாம்பிராணித் தட்டு ஹாலுக்குப் போனது.

6. எஸ்தர் எழுதிய மெசேஜ்

ஏலம் முடிந்ததும் எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல மெசேஜ மாத்துங்க சார். மன்னிப்ப அப்பறம் பாத்துக்கிடலாம்" என்றாள்.

பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவளே சொல்லச் சொல்ல அடித்தேன். என்ன ஆச்சு என்று முதலில் சொல்ல வேண்டும். எந்த லாட் என்று சொல்ல வேண்டும். நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒழுங்காக ஏறினால் ஏறிவிட்டது என்று அதையும் சொல்ல வேண்டும், ஊமை மாதிரி இருக்கக் கூடாது. எல்லாம் நியாயம். பீப்பையும் திரும்பப் போட்டேன்.

"இன்னொண்ணு இருக்கு சார். யாரு மேல தப்பில்லைன்னும் போடணும்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அடித்தேன்.

மூன்று மணி வாக்கில் அவள் அப்பா வேகமாக வந்தார். பஜாரில் செய்தி அதற்குள் அவர் கடை ஏறியிருந்தது. "பிள்ள சரக்கத் தொலைச்சுருச்சுன்னு சொன்னாக" என்று வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி அவரைக் கையைப் பிடித்து மெஷின் முன்னால் உட்கார வைத்தார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஒரு வெற்று ஃப்ளாப்பியைப் போட்டு, எழுதும்போது டிரைவ் கதவைத் திறந்துவிட்டேன். மெஷின் பீப் என்று கத்தியது. பச்சை எழுத்து வந்தது:

லாட் 41 ஏறலை. சீட்டைக் கிழிக்காதே. மறுபடி அடி. எஸ்தர் மேல தப்பில்லை.

அவர் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"மெஷினே சொல்லுதா?"

"அதுவே சொல்லுது" என்றார் அண்ணாச்சி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "நாங்க சொன்னாலாச்சும் முன்னப்பின்ன இருக்கும்."

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "திங்கக்கிழம எத்தன மணிக்கு வரணும் பிள்ள?" என்று மட்டும் கேட்டார். எஸ்தர் ஒன்பது என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. வேலுச்சாமி கிடங்குப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் எத்தனையோ ஃபைல் சிஸ்டம் வேலை பார்த்தேன், பெரிய பெரிய மெஷின்களில். புதிதாக வருகிற பிள்ளைகள் எரர் மெசேஜ் எழுதிக்கொண்டுவந்து காட்டும்போது, இலக்கணம் சரியா, பத்தி நேராக நிற்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. ஒன்றுதான் கேட்பேன். இந்த வரி திரையில் வரும்போது எதிரில் யார் உட்கார்ந்திருப்பார், அவரை யார் திட்டுவார்கள்? அதற்குப் பதில் தெரியாத பிள்ளையின் புரோகிராமை நான் பாஸ் செய்ததே கிடையாது.